காது கருவிக்குக் காப்பீடு: செலவு யார் தலையில்?

கேள்வி: குழந்தைகளின் காது கேட்கும் கருவிக்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறார்கள். அது கடைசியில் எல்லோருடைய பிரீமியத்திலும்தானே ஏறும்?

பதில்: ஏறும், மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு? பிறக்கும் 1,000 குழந்தைகளில் சுமார் 1 முதல் 3 பேருக்குத்தான் பிறவியிலேயே கேட்கும் குறை. ஆள் குறைவு, ஆளுக்கு ஆகும் செலவு பெரிது. இதைப் பகிர்ந்துகொள்ளத்தானே காப்பீடே வந்தது?

கருவியின் விலையோடு கணக்கை முடிப்பதுதான் எனக்குப் பிடிக்காதது. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது காது அச்சை (கருவியைக் காதுக்குள் பொருத்த, காதின் அளவுக்கே செய்யும் துண்டு) சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றினோம். காது வளரும், அச்சு வளராது; தளர்ந்ததும் கருவி கீ என்று விசிலடிக்கும். உடனே அவள் பிடுங்கி எறிவாள். (ஒருமுறை பாயசத்துக்குள்!) அப்புறம் பேட்டரி, பேச்சுப் பயிற்சி. கருவியே சில ஆண்டுகள்தான் உழைக்கும். ஆக, ஒரே ஒரு தடவை பணம் தரும் திட்டம் பாதித் திட்டம்தான்.

சரி, செலவழிக்காமல் விட்டால்? குழந்தைக்கு 6 மாதம் ஆவதற்குள் உதவி தொடங்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். தாமதித்தால் மொழி பின்தங்கும். சிறப்புக் கல்விக்கு அரசுதான் பிறகு செலவழிக்கும். காது, கேட்டல் பராமரிப்பில் போடும் 1 டாலர் ஏறத்தாழ 16 டாலராகத் திரும்பும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் கணக்கிட்டது. அது எல்லா வயதினருக்குமான மொத்தக் கணக்கு. குழந்தைக் கருவிக்கு மட்டும் அப்படியே பொருத்தக் கூடாது.

உங்கள் பாலிசியில் காது அச்சும் பயிற்சியும் சேர்ந்திருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள்.