வாசகர் கேள்வி: ராக்கெட் விட்ட இடத்திலிருந்து

கேள்வி: 2024 பிப்ரவரி 17 அன்று ஏவப்பட்ட வானிலைச் செயற்கைக்கோளான இன்சாட்-3டிஎஸ், ஏறத்தாழ 19 நிமிடங்களில் ராக்கெட்டிலிருந்து பிரிந்துவிட்டது. அதன் பிறகும் பாதையை உயர்த்தும் வேலை நாள்கணக்கில் நடந்தது ஏன்? புயலுக்கு அடிக்கடி இலக்காகும் எங்கள் டெல்டாவுக்கு நேர் மேலே அதை நிறுத்த முடியாதா?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் செய்தது பாதி வேலைதான். அது செயற்கைக்கோளை விட்டது ஒரு நீள்வட்டப் பாதையில். அதன் ஒரு முனை தரையிலிருந்து சுமார் 170 கிலோமீட்டரிலும் மறுமுனை 36,000 கிலோமீட்டருக்கும் மேலேயும் இருந்தது. தாழ்முனையில் வினாடிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் பாயும் செயற்கைக்கோள், உச்சிக்கு ஏறும்போது ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்குத் தளர்ந்துவிடும். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்றுவதற்கோ மூன்று கிலோமீட்டர் வேகம் வேண்டும். அந்தக் குறையை ஈடுசெய்வது செயற்கைக்கோளின் சொந்த எஞ்சின். அதன் உந்துவிசை 440 நியூட்டன், அதாவது நம் கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பம் ஒன்றைத் தூக்கத் தேவையான விசையைவிடச் சற்றே அதிகம். புறப்படும்போது 2,275 கிலோ இருந்த செயற்கைக்கோளை இவ்வளவு சிறிய விசையால் ஒரே மூச்சில் முடுக்கிவிட முடியாது என்பதால், கர்நாடகத்தின் ஹாசனிலுள்ள கட்டுப்பாட்டு மையம் அது உச்சியை நெருங்கும் வேளை பார்த்து எஞ்சினைப் பல தவணைகளில் இயக்குகிறது.

ராக்கெட்டே நேராகக் கொண்டு சேர்ப்பதும் முடியாத காரியமன்று. ஆனால் ராக்கெட்டின் மேல்கட்டம் ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக மிதந்து சென்று மீண்டும் எரிய வேண்டும். அதன் வெற்றுக்கூட்டின் எடையையும் அவ்வளவு உயரத்துக்குச் சுமக்க வேண்டியிருப்பதால், செயற்கைக்கோளின் எடையைக் குறைத்தாக வேண்டும்.

அடுத்து, பாதையின் சாய்வு. ஸ்ரீஹரிகோட்டா ஏறத்தாழ 13.7 பாகை வடக்கில் இருப்பதால் அங்கிருந்து கிழக்கே ஏவினால் பாதை சாய்ந்தே அமையும். அதை நிமிர்த்தவும் அதே எரிபொருள்தான் செலவாக வேண்டும். மிஞ்சும் எரிபொருளே ஆயுளையும் தீர்மானிக்கிறது. 2013-இல் ஏவப்பட்ட முன்னோடியான இன்சாட்-3டி, பூமத்திய ரேகையிலிருந்து ஐந்து பாகையே தள்ளியிருக்கும் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியன் ராக்கெட்டில் சென்றதால், சாய்வை நிமிர்த்தும் செலவு அதற்குக் குறைவு.

டெல்டாவுக்கு நேர் மேலே நிறுத்துவது மட்டும் இயலாது. எந்தச் சுற்றுப்பாதையின் தளமும் பூமியின் மையம் வழியாகவே செல்ல வேண்டும் என்பதால், ஓரிடத்தில் அசையாமல் நிற்பதாகத் தோன்றும் பாதை பூமத்திய ரேகைக்கு மேலே மட்டுமே உண்டு. இன்சாட்-3டிஎஸ் இலங்கைக்குத் தெற்கே, கடலுக்கு மேல், 82 பாகைக் கிழக்கில் நிற்கிறது. உங்கள் ஊரிலிருந்து பார்த்தால் உச்சிவானத்திலிருந்து தெற்கே சற்றுச் சாய்ந்த இடம். கண்ணுக்குத் தெரியாது என்பது வேறு. அந்த உயரத்திலிருந்து வங்கக்கடல் முழுவதும் பார்வைக்குள் வருவதால், நாகையின் மேலேயே நிற்காததால் இழப்பு எதுவும் இல்லை. காரைக்கால் ரேடார் சில நூறு கிலோமீட்டர் வரைதான் பார்க்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா, அதற்குச் சில நாள் முன்பு தென்கிழக்கு வங்கக்கடலில் உருவானபோது, ரேடாருக்கு எட்டாத அந்தத் தொலைவில் அதன் மேகச்சுருளை இன்சாட்-3டி, 3டிஆர் ஆகிய இரண்டும் தலா அரை மணிக்கு ஒரு முறை படமெடுத்துக்கொண்டிருந்தன.