லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?

(மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே சமைத்துப் படுத்துப் பயணிக்கும் வண்டி, வைத்திருக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு, டீசல் என்ஜின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் பத்தியாளர் பதில் சொல்கிறார். இம்முறை மைலேஜ் கேள்விகள் மட்டும்.)

கேள்வி: மேடம், என் மோட்டார்ஹோம் மூன்றரை டன். நண்பர் ஒருவர் சரக்கு வேனை வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்து மாற்றிக்கொண்டிருக்கிறார். இரண்டுக்கும் ஒரே கம்பெனி, ஒரே டீசல் என்ஜின், ஒரே கியர்பாக்ஸ். நூறில் போனால் அவருக்கு லிட்டருக்கு 11 கிடைக்கிறது. எனக்கு 8-ஐத் தாண்டவில்லை. சர்வீஸில் இரண்டு தடவை பார்த்துவிட்டு ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்கிறார்கள். எதையாவது மறைக்கிறார்களா?

பதில்: மறைக்கவில்லை. அவர்கள் என்ஜினைப் பார்த்தார்கள், அது சரியாகத்தான் இருக்கிறது. டீசலைத் தின்பது என்ஜினுக்கு வெளியே இருக்கும் காற்று.

வண்டிக்கு நேர் எதிரே போய் நின்று பாருங்கள். அகலம் 2.3 மீட்டர், உயரம் 2.9 மீட்டர் இருக்கும். அடியில் உள்ள இடைவெளியைக் கழித்தால் ஏறக்குறைய 6 சதுர மீட்டர் சுவர். நண்பருடைய வேன் நாலரை சதுர மீட்டரை ஒட்டி இருக்கும். கார் என்றால் இரண்டேகால்தான். பரப்போடு கதை முடியவில்லை. காற்றை எவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட்டுப் போகிறது என்பதற்கும் ஓர் எண் உண்டு. இழுவைக் கெழு என்பார்கள். இன்றைய காருக்கு 0.3 அளவில். உங்கள் பெட்டிக்கு 0.45 என்று வைத்துக்கொள்வோம். அதைவிட மோசமானவையும் சாலையில் ஓடுகின்றன. எல்லோரும் முன்பக்கச் சரிவைப் பார்த்து மயங்குகிறார்கள். பின்பக்கம் செங்குத்தாக வெட்டி நிற்கிறதே, அதை யாரும் கவனிப்பதில்லை. அங்கேதான் காற்று சுழல்கிறது, அழுத்தம் குறைகிறது, வண்டி பின்னுக்கு இழுக்கப்படுகிறது.

கணக்குப் போட்டால், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் காற்று உங்கள் வண்டியை ஏறக்குறைய 80 கிலோ விசையோடு தடுக்கிறது. 100-ல் அது 125 கிலோ. 120-ல் 180 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும் என்ற விதிதான் இது. டயர் உருள்வதற்கான தடையோ எந்த வேகத்திலும் 35 கிலோவை ஒட்டித்தான் நிற்கும். ஆக, நூறில் போகும்போது என்ஜின் மொத்தம் 160 கிலோ விசையை எதிர்த்துத் தள்ளுகிறது. அதில் நாலில் மூன்று பங்குக்கும் மேல் காற்றுக்கு. டீசலில் உள்ள ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்கு வந்து சேர்வதாகக் கொண்டால், 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 13 லிட்டர். அதாவது லிட்டருக்கு 8-ஐ ஒட்டி. நீங்கள் எழுதியிருப்பதும் அதுதான். நண்பரின் வேனுக்கு இதே கணக்கைப் போட்டேன், 11 வருகிறது. இரண்டு வண்டியும் ஆரோக்கியமாக இருக்கின்றன. நீங்கள் நிமிர்ந்து நிற்கவும் அகலமாகப் படுக்கவும் இடம் வாங்கினீர்கள்; அந்த இடத்துக்கான டீசல் இது.

கேள்வி: அக்கா, என் கணவர் எப்போதும் 120-ல்தான் ஓட்டுவார். கேட்டால், ‘சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் என்ஜின் ஓடும் நேரம் குறையும், டீசல் மிச்சம்’ என்கிறார். கேட்கும்போது சரி மாதிரித்தான் படுகிறது. உண்மையா?

பதில்: இந்த வாதத்தை என் வீட்டிலும் கேட்டிருக்கிறேன், அதுவும் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவளிடமே! என்ஜின் சும்மா நின்று ஓடிக்கொண்டிருந்தால்தான் நேரத்துக்குக் கணக்கு. சாலையில் தூரத்துக்கும் விசைக்கும்தான் கணக்கு.

முதல் கேள்வியில் சொன்ன வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள், 300 கிலோமீட்டர் பயணம். 80-ல் போனால் மூன்றே முக்கால் மணி நேரம், சுமார் 28 லிட்டர். 100-ல் மூன்று மணி நேரம், 38 லிட்டர். 120-ல் இரண்டரை மணி நேரம், 52 லிட்டர். நூறிலிருந்து நூற்றிருபதுக்குத் தாவியதில் அவர் சம்பாதித்தது அரை மணி நேரம்; கொடுத்தது 14 லிட்டர். அந்த அரை மணி நேரமும் டீசல் போட நிறுத்தும் இடத்தில் கொஞ்சம் கரைந்துவிடும்.

அதற்காக 60-ல் ஊர்ந்து போகச் சொல்லவில்லை. கடைசி கியரில் என்ஜின் முக்காமல் இழுக்கும் வேகம் ஒன்று ஒவ்வொரு வண்டிக்கும் உண்டு. பெரும்பாலான டீசல் மோட்டார்ஹோம்களுக்கு அது 80-க்கும் 90-க்கும் நடுவில் வரும். லாரிகளும் அதே வேகத்தில்தான் போகும். ஆனால் லாரியின் முதுகில் ஒட்டிக்கொண்டு காற்றை மறைத்து ஓட்டலாம் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். மூன்றரை டன் வண்டி நிற்க எத்தனை தூரம் வேண்டும் என்பதை யோசித்தால் அந்த ஆசை போய்விடும்.

கேள்வி: போகும்போது லிட்டருக்கு 7-தான் கிடைத்தது. ஒரு வாரம் கழித்து அதே சாலையில், அதே 80-ல், அதே சுமையோடு திரும்பினேன். 12-க்கு மேல் வந்தது! நடுவில் ஆயில் மாற்றினேன். ஆயிலா காரணம்?

பதில்: ஆயில் இல்லை, காற்றின் திசை. நீங்கள் 80-ல் போக, எதிரே மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், வண்டிக்கு அது 100. ஸ்பீடோமீட்டருக்கு இது தெரியாது. டீசல் டேங்குக்குத் தெரியும். திரும்பும்போது அதே காற்று முதுகில் அடித்தால் வண்டிக்கு அது 60-தான். 125 கிலோ தடுத்த காற்று இப்போது 45 கிலோதான் தடுக்கிறது.

ஆனால் போகும்போது காற்று வாங்கிய கடனைத் திரும்பும்போது முழுதாக அடைக்காது. 80-ல் காற்றே இல்லாத நாளில் தடை 80 கிலோ. எதிர்காற்றில் 45 கூடியது, பின்காற்றில் 35 குறைந்தது. மிச்சம் உங்கள் தலையில். பக்கவாட்டுக் காற்று இன்னும் மோசம். நம் வண்டிகளின் நீளமான பக்கச் சுவரில் அது சாய்ந்து மோதும்போது இழுவையும் கூடும், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்குத் தோளும் வலிக்கும். கிளம்பும் நாளைத் தள்ளிப்போட முடியுமானால் காற்று முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நிலப்பகுதிகளில் பெரும்பாலும் விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும், மதியத்துக்கு மேல் எழும்பும்.

குளிரும் இதில் சேர்த்திதான். பூஜ்ஜியம் டிகிரிக் காற்று, 30 டிகிரிக் காற்றைவிட ஏறக்குறைய 11 சதவீதம் அடர்த்தி. குளிர்காலத்தில் மைலேஜ் குறைந்தது என்று என்ஜினைப் பிரிக்கச் சொல்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: கிளம்புவதற்கு முன் 100 லிட்டர் தண்ணீர் டேங்கைக் காலி செய்துவிட்டால் மைலேஜ் கூடும் என்று எல்லோரும் சொல்கிறார்களே?

பதில்: கூடும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. 100 கிலோ குறைத்தால் சமதரையில் உருளும் தடை ஒரு கிலோதான் குறையும். நூறில் போகும்போது மொத்தத் தடையோ 160 கிலோ.

எடை தன் வேலையைக் காட்டுவது ஏற்றத்திலும், நின்று நின்று கிளம்பும் சாலையிலும்தான். மூன்றரை டன் வண்டியை 1000 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, வழக்கமான செலவுக்கு மேல் இன்னும் இரண்டே முக்கால் லிட்டர் வேண்டும். இறங்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், பிரேக்கை மிதித்தே இறங்காமல் இருந்தால். 80-லிருந்து ஒருமுறை முழுதாக நிறுத்திவிட்டு மறுபடி 80-ஐப் பிடிக்கச் சுமார் 70 மில்லி டீசல். பத்துப் பதினான்கு சிக்னலில் ஒரு லிட்டர் போய்விடும். தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததுமே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், தண்ணீர் டேங்கைக் காலி செய்வதைவிட எத்தனையோ மடங்கு லாபம். இதையே மேடு பள்ளமான சாலைக்கும் சொல்வேன். வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் பிடித்து வைக்கும் குரூஸ் கன்ட்ரோல், ஏற்றத்தின் நடுவில் வேகத்தைப் பிடித்தே தீர வேண்டும் என்று கியரைக் குறைத்து முழுச் சக்தியும் கேட்கும். மேட்டில் அதை அணைத்துவிட்டு, வேகம் ஐந்து பத்து குறைந்தால் குறையட்டும் என்று விடுவேன்.

தண்ணீரைச் சுமக்கலாம் என்றேனே தவிர, அளவுக்கு மீறி ஏற்றலாம் என்று சொல்லவில்லை. டயரும் பிரேக்கும் அனுமதித்த எடையும் மைலேஜை விடப் பெரிய விஷயங்கள்.

கேள்வி: டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்று அடைத்தால் மைலேஜ் கூடுமா?

பதில்: அச்சிட்டிருப்பது அந்த டயருக்கான உச்ச அளவு. அதுவே உங்கள் வண்டிக்கு வேண்டிய அளவு என்று அர்த்தமில்லை. சாமான், தண்ணீர், ஆட்கள் எல்லாவற்றோடும் எடை மேடையில் ஏறி, முன் அச்சு எவ்வளவு, பின் அச்சு எவ்வளவு என்று தனித்தனியாக எடை போடுங்கள். அந்த எடைக்கு டயர் தயாரிப்பாளரின் அட்டவணை சொல்லும் காற்றை, டயர் குளிர்ந்திருக்கும்போது அடையுங்கள். காற்றுக் குறைவால் உருளும் தடை பத்தில் ஒரு பங்கு கூடினால் மைலேஜில் 2 சதவீதம்தான் போகும். டயர் சூடாகி வெடித்தால் போவது அதற்கு மேல். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியை எடுக்கும்போது கட்டாயம் பாருங்கள்.

கேள்வி: ஏசியா, ஜன்னலா?

பதில்: ஏசி. அது இரண்டு மூன்று கிலோவாட் எடுக்கும்; நூறில் போகும்போது உங்கள் சக்கரங்கள் கேட்பது 44 கிலோவாட். வேர்த்து வழிந்துகொண்டு ஓட்டுவதற்கு அந்த மிச்சம் போதாது. ஆனால் நிறுத்திய இடத்தில் ஏசிக்காக என்ஜினை ஓடவிட்டால் மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டிப் போகும், கிலோமீட்டர் பூஜ்ஜியம்.

கேள்வி: டேஷ்போர்டு 9.5 காட்டுகிறது. டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்தால் ஒருமுறை 6, ஒருமுறை 9 வருகிறது. எதை நம்புவது?

பதில்: மூன்றையும் நம்பாதீர்கள். டேஷ்போர்டு, என்ஜினுக்குள் போன டீசலை மதிப்பிட்டுச் சொல்கிறது. பல வண்டிகளில் அது கொஞ்சம் தாராளமாகவே சொல்லும். ஜெனரேட்டரும் டீசல் ஹீட்டரும் பிரதான டேங்கிலிருந்தே குடித்தால் அந்தச் செலவு அதற்குத் தெரியவே தெரியாது. உங்கள் 6-க்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். 300 கி.மீ. ஓட 38 லிட்டர் ஆனால் லிட்டருக்கு 8. வழியில் ஓர் இரவு ஜெனரேட்டர் போட்டு ஏசியில் தூங்கியிருந்தால், மணிக்கு இரண்டு லிட்டர் வீதம் ஆறு மணி நேரத்துக்கு 12 லிட்டர். இப்போது 50 லிட்டர். கணக்கு 6 ஆகிவிட்டது. சாலையில் ஒன்றும் நடக்கவில்லை, தூங்கும்போது நடந்தது. ஹீட்டர் பரவாயில்லை, சிறியதாக இருந்தால் முழு வேகத்திலும் மணிக்குக் கால் லிட்டர்தான்.

இன்னொன்று, 90 லிட்டர் டேங்கில் 30 லிட்டர் போட்டுவிட்டுக் கணக்குப் பார்ப்பது. பம்ப் ‘டக்’கென்று நிற்கும் இடம், வண்டி சாய்ந்து நிற்பதைப் பொறுத்து மூன்று நான்கு லிட்டர் மாறும். முப்பதில் மூன்று என்றால் பத்து சதவீதப் பிழை. டேங்க் நன்றாக இறங்கிய பிறகு நிரப்புங்கள், நோட்டில் எழுதுங்கள், பல தடவைக்குச் சேர்த்து மொத்த கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்துப் பாருங்கள். என் வண்டியின் நோட்டில் ஜெனரேட்டர் மணிநேரத்துக்கென்று தனிக் கட்டம் போட்டிருக்கிறேன்.

கேள்வி: டீசல் குழாயில் மாட்டும் காந்தம் 20 சதவீதம் மிச்சப்படுத்துமாமே?

பதில்: விற்பவருக்கு மிச்சப்படும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, எரிபொருளை மிச்சப்படுத்துவதாகச் சொல்லும் இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்தது. குறிப்பிடும்படியாக மைலேஜைக் கூட்டும் ஒன்றைக்கூட அது கண்டதில்லை. அந்தப் பணத்துக்கு டயர் காற்றழுத்தமானி ஒன்று நல்லதாக வாங்குங்கள்.

கேள்வி: இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறோம். ஒரே என்ஜின். ஒன்றில் ஓட்டுநர் தலைக்கு மேல் பெரிய படுக்கை துருத்திக்கொண்டிருக்கிறது. மற்றது முன்பக்கம் தாழ்ந்து சரிவாக இருக்கிறது. பிள்ளைகள் மேல் படுக்கைதான் வேண்டும் என்கிறார்கள். மைலேஜ் ரொம்ப அடிபடுமா?

பதில்: அடிபடும், ஆனால் எவ்வளவு என்பது உங்கள் வேகத்தைப் பொறுத்தது. 20 சென்டிமீட்டர் கூடுதல் உயரம் என்றால் அரை சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவான பரப்பு கூடுகிறது. 6 சதுர மீட்டரில் அது ஏழெட்டு சதவீதம். துருத்திக்கொண்டிருக்கும் நெற்றி இழுவைக் கெழுவையும் கொஞ்சம் உயர்த்தும். 80-ல் ஓட்டுபவர் இதைப் பெரிதாக உணரமாட்டார். 110-ல் ஓட்டுபவர் ஒவ்வொரு டேங்கிலும் உணர்வார். கூரைமேல் பெட்டி வேறு வைப்பதாக இருந்தால் இரட்டை அடி. சைக்கிள்களையும் கூரையில் ஏற்றாமல் பின்பக்கம் மாட்டுங்கள். அங்கே அவை பெரும்பாலும் வண்டியின் மறைவிலேயே வரும், பின் அச்சின் எடையை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகள் உண்மையாகவே அங்கே படுப்பார்கள் என்றால் மேல் படுக்கை வண்டியை வாங்கி 85-ல் ஓட்டுங்கள். முதல் பயணத்துக்குப் பிறகு அங்கே போர்வையும் பையும்தான் கிடக்கும் என்று தோன்றினால், தாழ்ந்த வண்டி.