ஆயிரம் ரூபாய் யாருடைய வரிப்பணம்?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கூலிக்கு வேலை செய்கிறேன். என் மனைவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வருகிறது. பெங்களூரில் நல்ல சம்பளத்தில் இருக்கும் என் மைத்துனர், "நாங்கள் வரி கட்டுகிறோம், நீங்கள் வாங்கிச் சாப்பிடுகிறீர்கள்" என்கிறார். எங்கள் தெருப் படிப்பகத்தில் 'எல்லோருக்கும் அடிப்படை வருமானம் தேவையா?', அதாவது அரசு ஒவ்வொருவருக்கும் மாதா மாதம் பணம் தர வேண்டுமா என்று பட்டிமன்றம் வைத்திருக்கிறார்கள். நான் 'தேவை' அணி. இது வந்தால் ரேஷன் அரிசி நின்றுவிடுமோ என்ற பயம் எனக்கே இருக்கிறது. "இது சோஷலிசம், நாடு திவாலாகிவிடும்" என்று எதிரணி சொன்னால் என்ன பதில் சொல்வது?

பதில்: மைத்துனர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் வரி கட்டுகிறீர்கள். கைப்பேசிக்கு 299 ரூபாய் ரீசார்ஜ் செய்தால் அதில் 45 ரூபாய் 61 காசு ஜி.எஸ்.டி. பட்டறைக்குப் போகும் வண்டிக்குப் பெட்ரோல் போட்டால் மத்திய அரசின் கலால் வரியும் மாநில அரசின் வாட் வரியும் அந்த விலையிலேயே இருக்கின்றன. சோப்பு, பற்பசைக்கு 2025 செப்டம்பர் 21 வரை 18 சதவீதம் கட்டினீர்கள். இப்போது 5 சதவீதம். கோடீஸ்வரர் அதே ரீசார்ஜ் செய்தாலும் அதே 45 ரூபாய்தான். அவருக்கு அது கண்ணில் படாது. வெள்ளி விலை எகிறி ஆர்டர் நின்றுபோகும் மாதத்தில் உங்களுக்கு அது உறைக்கும்.

இன்னொன்றையும் மைத்துனர் கவனிக்க வேண்டும். வருமான வரி முதலில் மத்திய அரசுக்குப் போகிறது. அதில் ஒரு பங்குதான் மாநிலங்களுக்குத் திரும்பி வருகிறது. உரிமைத் தொகையோ மாநிலக் கருவூலத்திலிருந்து கொடுக்கப்படுகிறது. அந்தக் கருவூலத்தை நிரப்புவதில் ஜி.எஸ்.டி.யின் மாநிலப் பங்குக்கும் பெட்ரோல், மது மீதான வரிகளுக்கும் பெரிய இடம் உண்டு. மேலும், 2025-26இல் வருமான வரியின் புதிய முறையைத் தேர்ந்தெடுத்த சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு 12.75 லட்சம் வரை வருமான வரியே கிடையாது. அவர் சம்பளம் அதற்குள் இருந்தால், வருமான வரி கட்டாதவர் என்ற வகையில் நீங்கள் இருவரும் ஒன்றுதான். இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம், கணக்காகச் சொல்லுங்கள்.

பொருள் வாங்கும்போது கட்டும் வரிக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு உண்டு. 1917இல் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமரானதும் (இன்றைய முதல்வர் பதவி) 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தார். கள், சாராய வருவாய் போன பள்ளத்தை நிரப்ப 1939இல் பொது விற்பனை வரி வந்தது. கடையில் பொருள் வாங்கும் ஒவ்வொருவரும் வரி செலுத்துபவர் ஆனது அப்படித்தான். பட்டிமன்றத்தில் இதைச் சொல்லுங்கள், உள்ளூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இனி ரேஷன். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அடிப்படை வருமானம் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு திட்டங்கள் உலவுகின்றன: இருப்பதோடு கூடுதலாகப் பணம் தருவது ஒன்று, இருப்பதை நிறுத்திவிட்டுப் பணம் தருவது மற்றொன்று. 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையில், அப்போது மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்த அரவிந்த் சுப்பிரமணியன் ஆளுக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய் என்று ஒரு கணக்குப் போட்டார். நடப்பிலுள்ள திட்டங்களையும் மானியங்களையும் குறைத்து அதற்குப் பணம் திரட்டலாம் என்பதே அந்த வாதத்தின் அடித்தளம்.

உங்கள் வீட்டுக் கணக்கையே பாருங்கள். 20 கிலோ இலவச அரிசி வாங்கும் அட்டை என்றால், வெளியில் கிலோ 45 ரூபாய் என்று வைத்தாலும் 900 ரூபாய். ரேஷனில் 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு, 25 ரூபாய்க்குப் பாமாயில். கடை விலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டினால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். ரேஷனை நிறுத்திவிட்டு ஆயிரம் கொடுத்தால் நீங்கள் முதல் மாதமே நஷ்டப்படுவீர்கள். அரிசி விலை ஏற ஏற நஷ்டமும் ஏறும். ஏற்காட்டில் காபித் தோட்டக் கூலி வேலை பார்ப்பவருக்கு, அந்தப் பணத்தை எடுக்க வங்கிக்குப் போய் வரும் பஸ் செலவும் அரைநாள் கூலியும் சேரும். புதுச்சேரியில் 2015இல் அரிசிக்குப் பதிலாகப் பணம் போட ஆரம்பித்தார்கள். ரேஷன் கடையைத் திறங்கள் என்ற கோரிக்கை அங்கே பல ஆண்டுகள் ஓயவில்லை.

அதற்காகப் பணம் கொடுப்பதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். மத்தியப் பிரதேசத்தில் 2011இல் சுயதொழில் பெண்களின் சங்கமான சேவா அமைப்பு சில கிராமங்களில் நிபந்தனை இல்லாமல் பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாயும் குழந்தைகளுக்கு 100 ரூபாயும் கொடுத்துப் பார்த்தது. 'குடித்தே அழிப்பார்கள்' என்று சொன்னவர்கள் சொன்னபடி நடக்கவில்லை. சாப்பாடும் பிள்ளைகளின் படிப்பும் மேம்பட்டன. எனவே உங்கள் அணியின் வாதம் 'ரேஷனும் வேண்டும், பணமும் வேண்டும்' என்பதாக இருக்கட்டும். அந்த ஓர் இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

திவால் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 7.21 கோடி பேர். தலைக்கு மாதம் ஆயிரம் என்றால் ஆண்டுக்கு 86,520 கோடி ரூபாய். 2023-24இல் மாநிலத்தின் சொந்த வரி வருவாய் சுமார் 1.67 லட்சம் கோடி. வரி முறையை மாற்றாமல் இது முடியாது என்பதை ஒப்புக்கொண்டு மேலே பேசுங்கள். எல்லோருக்கும் கொடுத்தாலும், வசதியானவருக்கு ஆண்டுக்கு 12,000 கொடுத்து, அவரிடமே 20,000 கூடுதல் வரியாக வாங்கிக்கொள்ள முடியும். ஆகவே உண்மையான செலவு மேலே போட்ட தொகையைவிடக் குறைவு.

எல்லோருக்கும் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். 2023 செப்டம்பர் 15 அன்று உரிமைத் தொகை தொடங்கியபோது இருந்த நிபந்தனைகளைப் பாருங்கள்: குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், ரேஷன் அட்டைக்கு ஒருவர். ஒரே மீட்டரில் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் இருந்து, வீட்டோடு சின்னப் பட்டறையும் ஓடினால் 3,600 யூனிட் என்ன கணக்கு? ஏழையைப் பொறுக்கி எடுக்கப் போடும் சல்லடையில் ஏழையே கீழே விழுந்துவிடுகிறார்.

சோஷலிசம் என்ற குற்றச்சாட்டு இங்கே பொருந்தாது. சந்தைப் பொருளாதாரத்தின் தீவிர ஆதரவாளரான மில்டன் ஃபிரீட்மன் 1962இல், வருமானம் குறைந்தவர்களுக்கு அரசே பணம் தரும் எதிர்மறை வருமான வரியை முன்வைத்தார். மற்ற நலத்திட்டங்களுக்கு மாற்றாகவே அதைக் கேட்டார். தொழில், சுரங்கம், நிலம் யார் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் சோஷலிசத்தின் கேள்வி. சேலம் அரசு மருத்துவமனை யார் பெயரில் இருக்கிறதோ, அந்த மோகன் குமாரமங்கலம் மத்திய அமைச்சராக இருந்து நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்குவதில் முன்நின்றாரே, அது சோஷலிசம். சேலம் உருக்காலை பொதுத்துறையில் இருக்க வேண்டுமா என்ற வாதமும் அந்த வகை. மாதா மாதம் வங்கியில் பணம் போடுவதை இரண்டு தரப்பும் ஆதரிக்கலாம், இரண்டு தரப்பும் எதிர்க்கலாம்.

கடைசியாக, பட்டிமன்றத்தில் யாரும் தொடமாட்டார்கள் என்று நான் நினைக்கும் ஒன்றை நீங்கள் தொடுங்கள். அரசு ஊழியருக்கு விலைவாசியைப் பார்த்து ஆண்டுக்கு இரண்டு முறை அகவிலைப்படி கணக்கிடப்படுகிறது. எந்த அடிப்படை வருமானம் வந்தாலும் அதே முறையில் தொகை உயர வேண்டும், அது சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள்.