லைப்ரரியை எந்தப் பிரிவில் போடுவது?

கேள்வி: படங்களின் அளவைக் குறைக்கும் சிறிய லைப்ரரி ஒன்றை சி மொழியில் எழுதியிருக்கிறேன். பைத்தானிலிருந்து அழைக்கவும் வழி உண்டு. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் சேர்க்க வேண்டும். கிராபிக்ஸ், லிப்ஸ், பைத்தான் என்று பல பிரிவுகள் இருக்கின்றன, எதைப் போடுவது? பிரிவு தப்பாகிவிட்டால் யாராலும் நிறுவ முடியாது, பணம் கொடுத்தால் நல்ல பிரிவில் சேர்த்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?

பதில்: பண விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கொடுக்காதீர்கள். டெபியனில் பிரிவை விற்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை. புதிய பேக்கேஜை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள் பொதியை, பார்த்து ஏற்பதும், அதன் பிரிவை இறுதியாக முடிவு செய்வதும் டெபியனின் மென்பொருள் களஞ்சியத்தைக் கவனிக்கும் தன்னார்வலர் குழுவின் வேலை. அதற்குக் கட்டணம் கிடையாது. பேக்கேஜ் கட்டித் தரும் உழைப்புக்கு ஒருவர் கூலி கேட்டால் அது வேறு, நியாயம்தான். பிரிவுக்கே விலை சொல்பவரை நம்பவே நம்பாதீர்கள். பேக்கேஜின் விவரங்களை எழுதும் கண்ட்ரோல் கோப்பில் பராமரிப்பாளர் வரியில் யாருடைய முகவரி இருக்கிறது என்று பாருங்கள். அவருடையது இருந்தால் உங்கள் லைப்ரரியைப் பற்றிய பிழை அறிக்கைகள் எல்லாம் அவருக்குப் போகும், உங்களுக்குத் தானாக வராது. கையொப்பமிட உங்கள் ஜிபிஜி ரகசியச் சாவியைக் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நிறுவ முடியாது என்பதும் பொய். பேக்கேஜ்களை நிறுவும் கருவியான அப்ட் பார்ப்பது பேக்கேஜின் பெயரையும் சார்புகளையும், அதாவது அது இயங்கத் தேவையான மற்ற பேக்கேஜ்களையும். பிரிவு என்பது தேடுபவருக்கும் பட்டியல் போடும் கருவிகளுக்கும்தான்.

சரி, எந்தப் பிரிவு? உங்கள் லைப்ரரி என்ன வேலை செய்கிறது என்று யோசிப்பதால்தான் இந்தக் குழப்பம். எந்தத் துண்டை யார் நிறுவுவார் என்று யோசியுங்கள். குறியாக்க மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மூலத்திலிருந்து வரும் அதன் கட்டளைக் கருவி யூட்டில்ஸ் பிரிவில் இருக்கிறது, லைப்ரரி லிப்ஸில், நிரல் எழுதுபவருக்கான ஹெடர் கோப்புகள் லிப்டெவலில், ஆவணங்கள் டாக்கில். உங்களுடையதும் அப்படித்தான். இயங்கும்போது தேவைப்படும் லைப்ரரி லிப்ஸுக்கு, ஹெடர்கள் லிப்டெவலுக்கு, பைத்தான் இணைப்பு பைத்தானுக்கு. கட்டளை வரியிலிருந்து படத்தைச் சுருக்கும் கருவி ஒன்றும் தருகிறீர்கள் என்றால் அது மட்டும் கிராபிக்ஸுக்கு.

இங்கே பலரும் விழும் குழி ஒன்று உண்டு. கண்ட்ரோல் கோப்பின் முதல் பத்தியில் லிப்ஸ் என்று எழுதிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுவார்கள். தனியாக எழுதாத ஒவ்வொரு பேக்கேஜும் அந்த முதல் பத்தியின் பிரிவையே எடுத்துக்கொள்ளும். அப்போது பைத்தான் இணைப்பும் லிப்ஸில் போய் உட்காரும். வேறெந்தப் பேக்கேஜும் சாராத லைப்ரரிகளைக் கண்டுபிடித்துக் காட்டும் டெபார்ஃபன் (புதிய டெபியனில் இது இல்லை) போன்ற கருவிகள் வழக்கமாகத் தேடுவது லிப்ஸ் வகைப் பிரிவுகளில்தான். தன் சொந்த நிரலுக்காக உங்கள் இணைப்பை நிறுவியவருக்கு ‘இது தேவையில்லாதது’ என்று அவை காட்டும்; அவரும் நம்பி நீக்கிவிடுவார். ஒவ்வொரு பேக்கேஜ் பத்தியிலும் பிரிவு வரியைத் தனித்தனியே எழுதுங்கள்.

அப்ட் பிரிவைப் பார்ப்பதில்லை என்றேன். அதற்கு முக்கியமான விலக்கு ஓல்டுலிப்ஸ். பெயரைப் பார்த்துவிட்டு, பழைய பதிப்பு லைப்ரரியை அதில் போடலாம் என்று நினைக்கிறார்கள். வேண்டாம். பேக்கேஜின் பெயர் மாறும்போது, புதுப் பெயருக்குக் கை காட்டுவதற்காக விட்டுவைக்கும் வெற்றுப் பேக்கேஜுக்குத்தான் அது பொருந்தும். ஓல்டுலிப்ஸில் உள்ளது புதிய சார்பு ஒன்றை இழுத்து வரும்போது, ‘பயனர் தானே கேட்டு நிறுவியது’ என்ற குறியை அப்ட் அந்தச் சார்புக்கு மாற்றிவிடும். பழையது தானாக வந்ததாகக் கணக்காகும். வேறெதுவும் அதைச் சாராவிட்டால் தேவையற்றதை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளை அடுத்த முறை அதைத் துடைத்துவிடும். வெற்றுப் பேக்கேஜுக்கு இதுதான் நடக்க வேண்டும். உயிரோடு இருக்கும் லைப்ரரிக்கு நடந்தால், அதைக் கேட்டு நிறுவியவரின் நிரல் ஒருநாள் காரணமே தெரியாமல் நின்றுபோகும்.

அப்புறம், பிரிவைப் பின்னால் மாற்ற நேர்ந்தால் கோப்பில் திருத்திப் பதிவேற்றினால் மட்டும் போதாது. எந்தப் பேக்கேஜ் எந்தப் பிரிவில் என்று களஞ்சியம் ஓவர்ரைடு என்ற தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் உள்ளதுதான் செல்லும். உங்கள் கோப்புக்கும் பட்டியலுக்கும் முரண்பாடு என்று ஒரு மின்னஞ்சல் வரும், அவ்வளவுதான். ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைத்து, பராமரிப்பவரை ஒரு சொல்லை மாற்ற விண்ணப்பம் போட வைப்பது எந்த விதத்திலும் சரியில்லை. ஒரு பேக்கேஜுக்கு ஒரே பிரிவு என்பதும் அப்படியே. பல குறிச்சொற்கள் இடும் டெப்டேக்ஸ் இருந்தும், பிரிவு வரி இன்னும் ஒன்றைத்தான் ஏற்கிறது. ஆனாலும் வழி இதுதான்: பிழை அறிக்கை அனுப்பும் ரிப்போர்ட்பக் கருவியில் எஃப்டிபி டாட் டெபியன் டாட் ஆர்க் என்ற பெயரில் பிழை அறிக்கை திறந்து, ஓவர்ரைடு வகையைத் தேர்ந்தெடுத்து, பேக்கேஜின் பெயரும் வேண்டிய பிரிவும் காரணமும் இரண்டு வரியில் எழுதுங்கள். முதல் பதிவேற்றத்திலேயே பிரிவுகளைச் சரியாகப் போட்டுவிட்டால் இந்த அலைச்சலே வேண்டியதில்லை.