கேள்வி-பதில்: மிச்சம் பிடித்த நாலாயிரம் எங்கே போனது?

கேள்வி: மதுரைக்கு அருகே ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறேன். மனைவி வீட்டிலேயே தையல் தைக்கிறார். மகன் எட்டாம் வகுப்பு, மகள் நான்காம் வகுப்பு. அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக நூற்றுக்கு மூன்று வட்டியில் வாங்கிய கைக்கடன் 60,000 ரூபாய் இருக்கிறது. வட்டியை மட்டும் மாதந்தோறும் கட்டிவருகிறேன். வங்கியில் நகைக்கடனும் உண்டு. மாதம் இரண்டு ஞாயிறு சினிமா, ஹோட்டல் என்று போய்வந்ததில் 4,000 ரூபாய் ஆகிக்கொண்டிருந்தது. நான்கு மாதங்களுக்கு முன் அதை நிறுத்தினேன். வீடு களையிழந்துவிட்டது. சரியென்று செலவில்லாத இடமாகத் தெப்பக்குளத்துக்கு அழைத்துப்போனால் ஒரு மாலைப்பொழுதுக்கு 640 ரூபாய் ஆயிற்று. “இப்போதெல்லாம் ஏன் ஓசி இடத்துக்கே போகிறோம்?” என்று மகன் முகம் சுளிக்கிறான். “உங்களுக்கு ஓசி, எனக்கு வேலை” என்கிறார் மனைவி. கடனை அடைத்துக்கொண்டே குடும்பத்தோடு சந்தோஷமாக இருப்பது நடக்கிற காரியமா, அல்லது பத்திரிகையில் எழுதுவதற்கு மட்டும்தானா?
— ஒரு வாசகர், திருநகர், மதுரை

பதில்: எல்லாத் தொகையையும் எழுதியிருக்கிறீர்கள், ஒன்றைத் தவிர. மாதம் 4,000 வீதம் நான்கு மாதத்தில் 16,000 ரூபாய் மிச்சமாகியிருக்க வேண்டும். ஆனால் கைக்கடனின் அசல் இன்றைக்கும் 60,000 என்றே எழுதுகிறீர்கள். அந்தப் பதினாறாயிரம் எங்கே? நீங்கள் யாருக்கும் கொடுத்து ஏமாறவில்லை, சீட்டாடித் தோற்கவுமில்லை என்று நம்புகிறேன். சிலிண்டருக்கும், பள்ளி வேனுக்கும், பங்காளி வீட்டுக் காதுகுத்து மொய்க்குமாக அது கரைந்திருக்கும். குறிப்பிட்ட ஒரு கடனில் போய்ச் சேராத மிச்சம் எந்த வீட்டிலும் நிலைப்பதில்லை. சம்பளக்காரர் வீட்டில் அது மாதக் கடைசி வாரத்தைக்கூடத் தாண்டுவதில்லை. ஆகவே உங்கள் மனைவி மக்கள் நான்கு மாதம் சினிமாவையும் இழந்தார்கள், கடனும் குறையவில்லை. வீடு களையிழந்ததற்கு ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். எதற்காக விட்டுக்கொடுத்தோம் என்பதே கண்ணுக்குத் தெரியாவிட்டால் யாருக்குத்தான் முகம் மலரும்?

முதலில் கணக்கைப் பாருங்கள். நூற்றுக்கு மூன்று என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். வங்கி நகைக்கடனின் வட்டி அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. எனவே நகைக்கடனுக்கு வட்டி கட்ட வேண்டிய நாளில் கட்டி, நகை ஏலத்துக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் இப்போதைக்குப் போதும். கையில் மிஞ்சும் ஒவ்வொரு ரூபாயும் கைக்கடனுக்கே போக வேண்டும். இப்போது கட்டும் வட்டி 1,800. அதோடு சினிமாவுக்குப் போய்க்கொண்டிருந்த 4,000 ரூபாயையும் சேர்த்து மாதம் 5,800 கட்டினால், அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்து, ஏழாவது மாதத்தில் பாக்கி 30,000 ரூபாய்க்குக் கீழே வந்துவிடும். பதின்மூன்றாவது மாதத்தில் மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாம். இன்று போல வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அதே பதின்மூன்று மாதத்தில் 23,400 ரூபாய் கொடுத்திருப்பீர்கள்; அசல் அப்படியே இருக்கும்.

அசலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கமாட்டேன், கொடுத்தால் மொத்தமாகக் கொடு என்று சொல்லும், கடன் கொடுப்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. மாதாமாதம் வட்டி வந்துகொண்டிருப்பதை யார்தான் கெடுத்துக்கொள்வார்கள்? அப்படிப்பட்டவரானால், நாலாயிரத்தை மாதாமாதம் அஞ்சலகக் கணக்கில் போட்டுவைத்து, பதினைந்தாயிரம் சேர்ந்ததும் நம்பிக்கையான ஒரு பெரியவரைக் கூட அழைத்துக்கொண்டு போய்க் கொடுங்கள். இப்படிச் செய்தால் ஒன்றிரண்டு மாதம் கூடுதலாகலாம், அவ்வளவுதான். கொடுத்த தொகை புரோநோட்டின் பின்பக்கம் தேதியோடு வரவு வைக்கப்பட வேண்டும். வாய்ப்பேச்சில் கழித்துக்கொண்டதாகச் சொன்னால் எழுந்து வராதீர்கள்.

இனி தெப்பக்குளத்துக்கு வருவோம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளத்தைச் சுற்றி நடப்பதற்கும், படியில் உட்கார்ந்து மைய மண்டபத்தைப் பார்ப்பதற்கும் யாரும் உங்களிடம் காசு கேட்கவில்லை. 640 ரூபாய் போனது சுற்றியுள்ள கடைகளில். மாலை ஐந்தரை மணிக்கு, மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளைகளை, எண்ணெய்ச் சட்டிகளுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினால் என்ன நடக்கும்? ஆளுக்கொரு தட்டு பானிபூரி, பிறகு மிளகாய் பஜ்ஜி, சோளம், மகளுக்கு விளக்கு எரிகிற பலூன், கடைசியில் நால்வருக்கும் ஜிகர்தண்டா. இதில் எதுவும் பாவமில்லை. ஆனால் ஒவ்வொரு கடை முன்னாலும் “வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டே போய், நான்காவது கடையில் மனம் பொறுக்காமல் வாங்கிக்கொடுத்திருப்பீர்கள். பிள்ளைகளுக்கு மறுப்பும் நினைவிருக்கும், பணமும் போயிருக்கும். அடுத்த முறை வீட்டிலேயே தோசையோ உப்புமாவோ சாப்பிட வைத்துவிட்டுக் கிளம்புங்கள். நூறு ரூபாய் நோட்டு ஒன்றை நான்காம் வகுப்பு மகளிடம் கொடுத்து, இன்றைய மாலைக்கு இவ்வளவுதான், எதில் செலவழிப்பது என்பதை அண்ணனும் தங்கையும் முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் வாயைத் திறக்கவே கூடாது. ஒன்பது வயதுப் பெண் குழந்தை பஜ்ஜிக் கடைக்காரரிடம் விலை கேட்டுவிட்டு, யோசித்து, அடுத்த கடைக்கு நகர்வதைப் பார்ப்பதே ஒரு சினிமாதான்.

அதைவிட நல்லது, கடைகள் அடர்ந்த இடங்களை விட்டுவிடுவது. திருநகரில் இருந்துகொண்டு சமணர் மலைக்கு நீங்கள் குடும்பத்தோடு போனதாக எழுதவில்லையே! தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகே, கீழக்குயில்குடியில், உங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அடிவாரத்தில் தாமரைக் குளம், விழுது இறங்கிய ஆலமரம், அய்யனார் கோயில். அங்கிருந்து படியேறினால் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்களும், அவற்றின் கீழே வட்டெழுத்தில், யார் செய்வித்தார்கள் என்ற விவரமும் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. மலையின் இன்னொரு பக்கத்தில் செட்டிப்புடவு என்ற குகை இருக்கிறது. அதன் உட்புறக் கூரை வளைவை உங்கள் மகனுக்குக் காட்டுங்கள். சிங்கத்தின் மேல் ஏறிய ஒரு பெண் தெய்வம் வில்லை வளைத்து நிற்கிறாள். எதிரே யானை மேல் ஒருவன் வாளும் கேடயமுமாக வருகிறான். அங்கே விளக்கம் சொல்லும் ஆளும் இல்லை, டிக்கெட் கிழிப்பவரும் இல்லை. யார் ஜெயித்திருப்பார்கள் என்று பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். காலை ஏழு மணிக்குள் ஏறிவிடுங்கள். பாறை சூடேறிவிட்டால் மேலே ஒதுங்க நிழல் கிடையாது, குடிநீரும் கையில் இருக்க வேண்டும்.

வெயில் நாட்களுக்கு நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி, கட்டணம் கிடையாது, அரைநாள் ஓடிவிடும். தமுக்கத்துக்கு அருகே, ராணி மங்கம்மாளின் அரண்மனையில் 1959 முதல் நடந்துவரும் காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கும் கட்டணமில்லை. சுடப்பட்ட நாளில் அவர் உடுத்தியிருந்த, இரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அதே மனிதர் 1921 செப்டம்பர் 22-ஆம் நாள் இதே ஊரின் மேலமாசி வீதியில்தான் தம் உடையை முழங்கால் வரையான ஒற்றை வேட்டியாகக் குறைத்துக்கொண்டார் என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டு, அப்படியே அந்த வீதிக்கும் அழைத்துப்போகலாம். கீழடி அருங்காட்சியகத்துக்குச் சிறிய கட்டணம் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைத் தாங்கலாம். சித்திரைத் திருவிழாவும், ஆவணியில் பிட்டுக்கு மண் சுமந்த லீலையும், தைப்பூசத்துத் தெப்பமும் எப்போதும் இலவசம்தான். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று கோடீஸ்வரரும் கடன்காரரும் ஒரே நீர்மோர்ப் பந்தலில் வரிசையில் நிற்கிற ஊர் இது. இங்கே பிறந்து வளர்கிற பிள்ளைக்குக் கட்டணமில்லாத இடம் என்றால் கேவலம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் உங்களிடமிருந்துதான் வந்திருக்கும், சொல்வதற்கு மன்னிக்கவும். சினிமாவுக்குப் போகும்போது உங்கள் முகம் எப்படி இருந்தது, தெப்பக்குளத்துக்குக் கிளம்பும்போது எப்படி இருந்தது என்பதை உங்கள் மகன் பார்க்காமலா இருப்பான்? கடன் இருப்பதை அவனிடம் சொன்னதாகவும் கடிதத்தில் இல்லை. தாத்தாவின் சிகிச்சைக்காக வாங்கிய கடனில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் வட்டிக் கணக்கு வந்துவிடுகிறது. நான் மேலே சொன்ன பதின்மூன்று மாதத்தையும் ஒரு நோட்டில் அவனையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எங்காவது தப்பியிருந்தால் எனக்கு எழுதட்டும். ஒவ்வொரு மாதமும் பணம் கொடுத்துவிட்டு வந்த அன்றே பாக்கியை அவன் கையால் எழுதட்டும். நாலாயிரம் எங்கே போகிறதென்று தெரிந்த பையன், சமணர் மலைக்கு ஏன் போகிறோம் என்று கேட்கமாட்டான். கேட்டாலும் அது வேறு கேள்வியாக இருக்கும். ஆனால் உறவுக்காரர்கள் முன்னிலையில் கடனைப் பேசுவதோ, அவன் சட்டை கேட்கும்போதெல்லாம் நோட்டை எடுத்து நீட்டுவதோ கூடாது. அது பிள்ளையின் தலையில் பாரத்தை ஏற்றுவது.

சினிமாவை அடியோடு விலக்கவும் வேண்டாம். ஏழாவது மாதம், பாக்கி பாதியாகக் குறைந்ததும் நால்வரும் ஒரு படம் பாருங்கள். பதின்மூன்று மாதமும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன் என்று கிளம்புகிறவர்களில் பலர் ஐந்தாவது மாதத்தில் கிரெடிட் கார்டைத் தேய்த்து மொத்தமாகத் தீர்த்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு இது மேல்.

உங்கள் மனைவி சொன்னதைக் கடைசிக்கு வைத்தது அது சிறிய விஷயம் என்பதால் அல்ல. ஹோட்டலுக்குப் போன ஞாயிறுகளில் அவருக்கு அடுப்படியிலிருந்து ஒரு வேளை விடுதலை கிடைத்தது. நீங்கள் அதை நிறுத்தி, அதற்குப் பதிலாக விடியற்காலை எழுந்து புளியோதரை கிளறி, தண்ணீர் பாட்டில் நிரப்பி, பிள்ளைகளைக் கிளப்பி, திரும்பி வந்ததும் பாத்திரம் கழுவுகிற ஞாயிறை அவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். வாரம் முழுவதும் தையல் மிஷினில் குனிந்திருப்பவருக்கு இதில் ஓய்வு எங்கே இருக்கிறது? அவருடைய உழைப்புக்கு விலை போடாததால்தான் உங்கள் கணக்கில் அந்த நாள் செலவில்லாத நாளாகத் தெரிகிறது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. போகவர உங்களுக்கும் மகனுக்கும் எடுத்தால் போதும் என்று சந்தோஷப்படுகிற நீங்கள், வேலையையும் அப்படிப் பிரித்துக்கொள்ள வேண்டாமா? வெளியே போகிற ஞாயிறில் சோறு கட்டுவது உங்கள் பொறுப்பு, பாத்திரம் கழுவுவது மகன் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். புளிக்காய்ச்சலை முந்தின நாள் இரவே செய்து வைத்துவிட்டால் காலையில் சோற்றை வடித்துக் கிளறுவதற்கு அரை மணி நேரம் போதும். அது வராவிட்டால் தயிர்சாதமும் ஊறுகாயும். எந்த இடத்துக்குப் போவதென்பதை இந்த முறை அவர் சொல்லட்டும். எங்கேயும் வேண்டாம், நீங்கள் மூவரும் போய்வாருங்கள், நான் மதியம் வரை தூங்குகிறேன் என்று அவர் சொன்னால், மறுபேச்சில்லாமல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள்.