ஓசூர் ரோட்டுக்கு ஹைபிரிட் கட்டுப்படியாகுமா?

கேள்வி: அண்ணா, தினமும் காரில் ஓசூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். பெட்ரோலுக்குக் கொடுத்தே சம்பளம் கரைகிறது. பெட்ரோல் இன்ஜினோடு கரண்ட் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார் லிட்டருக்கு 28 கிலோமீட்டர் தரும் என்கிறார்கள். மூன்று லட்சம் கூடுதலாகப் போட்டு வாங்கலாமா?
- ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு கணக்கு போட்டுவிடுவோம் தம்பி.

உங்கள் பயம் நியாயமானது. கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு நம்முடையது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் பேரல் 120 டாலரைத் தாண்டியது. எங்கோ சண்டை நடந்தால் இங்கே நம் பாக்கெட்டில் கை வைக்கிறார்கள்.

அந்த 28-ம் பொய்யில்லை. மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் இரண்டிலும் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு, அதாவது மோட்டார் தனியாகவும் வண்டியை ஓட்டும் வகைக்கு, சோதனையில் கிடைத்தது 27.97. ஆனால் ஏசி போட்டு நெடுஞ்சாலையில் விரட்டினால் அது வராது.

ஹைபிரிட் மிச்சம் பிடிப்பதே நின்று நின்று போகும் ரோட்டில்தான். சாதாரண காரில் பிரேக் பிடித்தால் அத்தனை வேகமும் சூடாகி வீணாகும். இதில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி அதைக் கரண்டாக்கி பேட்டரிக்கு அனுப்பும். சிக்னலில் இன்ஜின் அணைந்துவிடும். ஊர்ந்து போகும்போது மோட்டாரே இழுக்கும். பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் தினம் சிக்குபவருக்கு இது வரம். நீங்களோ குருபரப்பள்ளி தாண்டினால் சூளகிரி வரை பிரேக்கை அதிகம் தொடமாட்டீர்கள்.

மாதம் 3,000 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைப்போம். உங்கள் ரோட்டில் சாதாரண கார் லிட்டருக்கு 17, ஹைபிரிட் 21 கிலோமீட்டர் கொடுத்தால் மாதம் 33 லிட்டர், அதாவது 3,300 ரூபாய் மிச்சம். மூன்று லட்சத்தை எடுக்க ஏழரை வருஷம். பெட்ரோல் 120 ஆனாலும் ஆறு வருஷத்துக்கு மேல்! இதே தூரத்தை நகர நெரிசலில் ஓட்டி, ஒன்று 10, இன்னொன்று 20 கொடுத்தால் இருபதே மாதத்தில் போட்ட காசு வந்துவிடும்.

அதனால் உங்களுக்கு இப்போது வேண்டாம் என்பேன். 100 கிலோமீட்டர் வேகத்தில் போவதை 80-க்குக் குறையுங்கள், அதே ரோட்டில் வேலைக்குப் போகும் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு செலவைப் பங்கு போடுங்கள். அப்புறம், மைல்டு ஹைபிரிட்டை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். தனியாக வண்டியை ஓட்டாது.

கேள்வி: எங்கள் ஹைபிரிட் கார் தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது திடீரென்று இன்ஜின் இரைகிறது. பழுதா?
- ஒரு வாசகி, தருமபுரி

பதில்: பழுதில்லை அம்மா. பேட்டரி சின்னது, பாதி இறக்கத்திலேயே நிறைந்துவிடும். அதற்கு மேல் வரும் கரண்டுக்குப் போக்கிடம் இல்லாததால், வண்டி இன்ஜினைச் சுழலவிட்டு வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தச் சத்தம்தான் அது. கியரில் 'B' (இன்ஜின் பிரேக்; பார்க்கிங்குக்கான 'P' அல்ல) இருந்தால் இறக்கம் தொடங்கும்போதே போட்டுவிடுங்கள். நியூட்ரலில் மட்டும் இறங்கவே இறங்காதீர்கள். எத்தனை உயிரை வாங்கிய இறக்கம் அது!

இன்னொன்று: பல ஹைபிரிட் கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பின்சீட்டு ஓரம் இருக்கும் சல்லடை வழியாகத்தான் போகும். நம் பக்கம் கிரானைட் லாரி ஓடும் ரோடுகளில் பறக்கும் தூசு அதில் மாவு மாதிரி அப்பிக்கொள்ளும். அதன்மேல் பை, துணி எதுவும் வைக்காதீர்கள். சர்வீஸுக்கு விடும்போது அதைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் பலர் அதைத் திறப்பதே இல்லை.