துருவுக்கு எண்ணெய் மட்டும் போதுமா? துப்பாக்கிப் பராமரிப்புக் கேள்வி பதில்

முப்பது வருடமாக ரைஃபிள் கிளப்பில் சுடுகிறேன். வீட்டில் லைசென்ஸ் உள்ள 12 போர் துப்பாக்கி ஒன்றும் .22 ரைஃபிள் ஒன்றும் இருக்கின்றன. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பொள்ளாச்சி: அண்ணா, தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்த அப்பாவின் இரட்டைக்குழலை இரண்டு மாதம் கழித்து வாங்கினோம். குழல் முழுக்கத் துரு. என்ன செய்வது?

எனக்கும் ஒரு முறை இதே கதிதான். ரெக்சின் உறையோடு கொடுத்திருந்தேன், அதுதான் தப்பு. ரெக்சினோ தோலோ, உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

முதலில் துப்பாக்கியை மடக்கி, இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று பாருங்கள். பார்த்தாச்சு என்றாலும் இன்னொரு தடவை பாருங்கள். பிறகு துருவின் மேல் எண்ணெய் தடவி ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். காலையில், இருப்பதிலேயே மெல்லிய 0000 நம்பர் ஸ்டீல் உல்லை (இரும்பு இழைப் பஞ்சு) எண்ணெயில் நனைத்து, அழுத்தாமல் தேய்த்தால் மேல் துரு வந்துவிடும். எமரி பேப்பர் பக்கமே போகாதீர்கள், இரும்பின் கருநீலப் பூச்சும் சேர்ந்து போய்விடும். குழலின் உள்ளே குழி விழுந்திருந்தால் அது லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) பார்க்க வேண்டிய வேலை. அவர் பார்க்கும்வரை சுடாதீர்கள்.

அடுத்த தேர்தலுக்கு, உள்ளும் புறமும் கிரீஸ் தடவிப் பருத்தித் துணியில் சுற்றிக் கொடுங்கள். நாலு போட்டோவும் எடுத்து வையுங்கள். ஆனால் திரும்பி வந்ததும் குழலுக்குள் இருக்கும் கிரீஸை முழுக்கத் துடைத்த பிறகுதான் தோட்டா போட வேண்டும். அடைப்போடு சுட்டால் குழல் வெடிக்கும்.

கோத்தகிரி: தாத்தா தேங்காய் எண்ணெய்தான் போடுவார். நானும் போடலாமா சார்?

வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பிக்கும், உங்கள் ஊரில் பாதி நாள் கட்டியாகத்தான் இருக்கும். நாள்பட்டால் பிசினாகி விசைக்குள் அழுக்கைச் சேர்க்கும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காத அவசரத்துக்குத் தையல் மிஷின் எண்ணெய் பரவாயில்லை. எதுவானாலும் ஒரு சொட்டு, அப்புறம் துணி. துப்பாக்கியை எண்ணெயில் குளிப்பாட்டி நிற்க வைத்தால் அது வழிந்து கட்டைக்குள் இறங்கி மரத்தைக் கெடுக்கும்.

மதுரை: என்சிசியில் தினமும் புல்-த்ரூ கயிற்றில் சிந்தி (துணித் துண்டு) மாட்டிக் குழலுக்குள் இழுக்கச் சொல்வார்கள். கிளப்பில் .22-க்கு யாரும் அப்படிச் செய்வதில்லையே?

நல்ல கேள்வி. பழைய .303 ராணுவ ரைஃபிள் காலத்துப் பழக்கம் அது. அன்றைய தோட்டாக்களின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாகிக் குழலில் படியும். சமையல் உப்பின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே ராத்திரியில் துருவாக்கிவிடும். எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பிறகு எண்ணெய் விட்டார்கள்.

இன்றைய .22 தோட்டாவில் அந்த உப்பு இல்லை. ஈயக் குண்டின் மேல் இருக்கும் மெழுகும் கிரீஸும் குழலில் லேசாகப் படிந்து காப்பாகிவிடும். நான் தினமும் போல்ட்டையும் வெளிப்புறத்தையும் துடைப்பதோடு சரி. குண்டுகள் சிதறி விழ ஆரம்பித்தால்தான் குழலுக்குள் கை வைப்பேன். துடைக்கும் கம்பியைத் தோட்டா போடும் பக்கத்திலிருந்தே விடுங்கள். குழல் முனையின் விளிம்பில் கீறல் விழுந்தால் குறி கெட்டுவிடும்.

சென்னை: மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். எத்தனை நாளுக்கு ஒரு முறை எண்ணெய் விடணும்?

குழலுக்குள் விடவே வேண்டாம்மா. ஃபெல்ட் பெல்லட் (குழலைத் துடைக்கும் கம்பளிக் குண்டு) இரண்டு மூன்று தள்ளினால் போதும். ஸ்பிரிங் ரைஃபிளாக இருந்தால் இன்னும் கவனம். காற்று அழுந்தும் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும், டீசல் எஞ்சின் ஓடுவதும் இதே முறையில்தான். அழுத்தக் காற்றுச் சிலிண்டர் வைத்த ரைஃபிள் என்றால் அதில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் பத்து வருடம்தான் ஆயுள்.

சேலம்: ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கலாமா?

கட்டையில் வையுங்கள், இரும்பில் வேண்டாம். ஈரச் சந்தனம் காய்வதற்குள் கறை பிடித்துவிடும். குடகில் ஆயுதங்களுக்குப் பூஜை செய்யும் கைல்போத் பண்டிகையன்று குழல் முனையில் ஒரு பூ செருகுவார்கள். அங்கே அது தோக் பூ, நம் ஊரில் செங்காந்தள். எனக்கு அந்த வழக்கம்தான் பிடித்திருக்கிறது.

அதே அன்பர்: கட்டை மங்கிவிட்டது, பாலிஷ் போடலாமா?

வார்னிஷ் வேண்டாம். ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடு வரத் தடவுங்கள், மெல்லிசாக, இரண்டு மூன்று நாள். துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.